இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நிற்கும் கதை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் உதித்ததல்ல. மனசாட்சி உறுத்தி உடனே எழுதியதும் அல்ல. அந்த அளவுக்கு நல்லவளாக இருந்தால் மூன்று மாதத்துக்கு முன்பே எழுதியிருப்பேன். ஒரு மனிதர் என்னால் உடற்பயிற்சி வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் ஏற்கெனவே மெலிந்திருக்கும் அவருடைய எலும்பு இன்னும் மெலியும். எனக்குத் தெரிந்த ஒரே வேலை கதை எழுதுவது. அதனால் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

வாசகரே, இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண் போட்டுப் பிரித்திருப்பதைப் பார்த்து இது ஏதோ புதுமை உத்தி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அறுபத்திரண்டு வயது. எனக்கு வந்திருப்பதற்குப் பெயர் எலும்புப்புரை. வெளியே பார்த்தால் எலும்பு எலும்பாகத்தான் இருக்கும். உள்ளே மட்டும் ரஸ்க் மாதிரி ஓட்டை ஓட்டையாகியிருக்கும். எங்கள் வகுப்பை நடத்தும் பிசியோ பொண்ணு முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுத்தாளர்னா பொழுதன்னிக்கும் உக்காந்தேதானே இருப்பீங்க? இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ எழுந்திரிக்கணும்மா. பாதி வார்த்தையில இருந்தாலும் சரி."

"பாதி வார்த்தையில எழுந்தா மீதி வார்த்தை ஓடிப்போயிடுமே."

"ஓடட்டும். நீங்களும் கூடவே நடங்க."

எனவே மேசைமேல் சமையலறை டைமர் இருக்கிறது. அது அடித்ததும் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார வேண்டும். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு பத்து முறை குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். இந்தக் கதையின் ஒவ்வொரு எண்ணும் ஒரு மணியடிப்பு. எங்காவது வாக்கியம் அறுந்து தொங்கினால் அது என் கலைத்திறமை இல்லை, என் முதுகெலும்பு பற்றிய அக்கறை. உதாரணமாக, இப்போது நான் சொல்ல வந்தது என்னவென்றால், அந்த மனிதர் ஒரு

[மணி. எழுகிறேன்.]

2

முதல் தொடக்கம்: 'மழை ஓய்ந்த அந்தக் காலையில், மாடி அறையின் ஜன்னல் வழியே…' மழையே பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: 'எலும்பு என்பது உயிருள்ள ஒரு…' இதை மருத்துவமனைச் சுவரில் ஒட்டலாம். அடித்துவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம்: 'அவள் வழுக்கி விழுந்தாள்.' இது பரவாயில்லை. அந்த 'அவள்' நான்தான். குளியலறை வாசலில் வழுக்கிக் கையை ஊன்றினேன், மணிக்கட்டு உடைந்தது. "இப்படி விழுந்ததுக்கெல்லாம் எலும்பு உடையக் கூடாதே" என்று டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் என்னைக் கண்ணாடிச் சாமான் ஆக்கிவிட்டார். வாளியைத் தொடாதே, நாற்காலியை நகர்த்தாதே, படியில் இறங்காதே. ஒருநாள் மேசையிலிருந்த என் பேனாவை எடுத்துக் கொடுக்க அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தார்.

"ஏங்க, பேனாவுமா கனம்?"

"உன் எழுத்து கனமா இருக்குன்னு விமர்சனத்துல போட்டிருந்தானே."

பிசியோ பொண்ணு அவரையும் ஒருநாள் உட்கார வைத்துப் பேசினாள். "சார், எலும்புக்கு வேலை குடுத்தாத்தான் 'ஓ, நம்ம இங்க தேவைதான்போல'ன்னு அது நிக்கும். எல்லா வேலையும் நீங்களே செஞ்சா உங்க எலும்புதான் பலமாகும், அம்மாவோடது இல்ல." மறுநாள் காலை அவர் வாளியை என்னிடம் ஒப்படைத்தார். பாதிவரைக்கும்தான் தண்ணீர் இருந்தது. ஆனாலும் அதை முதுகு வளையாமல் நானே தூக்கிக்கொண்டு நடந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் எந்தப் பரிசு வாங்கியபோதும் வந்ததில்லை. பொய் சொல்லவில்லை. பரிசு அதிகம் வாங்கியதில்லை என்பதும் உண்மைதான்.

[மணி.]

3

கதாபாத்திரத்துக்கு வருவோம்.

வகுப்பு நடப்பது மருத்துவமனையின் மாடி அறையில். சுவரோரம் கை வைக்காத நாற்காலிகள் ஏழு. தரையில் நேர்கோடாக ஒட்டிய நீல டேப். அதன்மேல் ஓர் அடிக்கு முன் ஓர் அடி வைத்து நடக்க வேண்டும். விழாமல் இருக்கப் பழகுவதும் பாதி மருந்து. நாங்கள் ஏழு பேர். எங்களுக்கு நாங்களே 'எலும்புக் கூட்டம்' என்று பேர் வைத்துக்கொண்டோம். அதில் ஆறு பேர் பெண்கள். ஏழாவது ஆள், முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

இங்கே என் முதல் வாசகர், அதாவது வீட்டுக்காரர், குறுக்கிட்டார்.

"ஆம்பளைக்கு இந்த வியாதி வரும்னு யாரு நம்புவா? அவரைப் பொம்பளையா மாத்திடு."

மாற்றிப் பார்த்தேன். 'டிரில் டீச்சர் உள்ளே வந்தாள்' என்று எழுதினேன். ஒட்டவில்லை. பெண்ணாக இருந்தால் மாஸ்டர் முதல் மூன்று நாள் செய்ததைச் செய்திருக்க மாட்டார். அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் கதவோரம் நின்று செய்தித்தாள் படித்தார். நோயாளி மனைவிதான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அந்த அம்மாவும் மூச்சு விடாமல் எழுந்து உட்கார்ந்து, சுவரில் கை வைத்துத் தள்ளி, ஒற்றைக்காலில் நின்று, மூன்று நாளும் ஜோராகப் பயிற்சி செய்தார்.

நாலாம் நாள்தான் பிசியோ பொண்ணு முதல்முறையாக வருகைப் பட்டியலை வாசித்தாள். பட்டியலில் இருந்தது மாஸ்டரின் பெயர்.

"அக்கா, எனக்கு ஒண்ணுமில்ல," என்றார் அந்த அம்மா என்னிடம், குலுங்கக் குலுங்கச் சிரித்தபடி. "இது பொம்பளைங்க வியாதி, நான் போய் எப்படி உக்கார்றதுன்னு ஒரே அடம். சரி, நீங்க வெக்கப்பட்டு முடிங்க, அதுவரைக்கும் நான் செய்றேன்னு வந்தேன்."

மாஸ்டர் செய்தித்தாளை நான்காக மடித்து வைத்துவிட்டு ஏழாவது நாற்காலியில் உட்கார்ந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. மூச்சிரைப்புக்காகப் பல வருடம் விழுங்கிய மாத்திரை எலும்பை அரித்துவிட்டதாம். உயரத்தில் நாலு விரற்கடை குறைந்திருந்தார். ஸ்கேன் கணக்கில் எங்கள் எல்லோரையும்விட மோசமான எலும்பு அவருடையதுதான். ஆனால் ஒரு வாரத்தில் எங்களை எல்லாம் பேர் சொல்லாமல் பட்டம் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நான் 'ரைட்டரம்மா' ஆனேன்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்த வியாதி உள்ளவர்கள் முதுகை வளைத்துக் குனியக் கூடாது. கீழே கிடப்பதை எடுக்க வேண்டுமானால் முதுகை நேராக வைத்து, இடுப்பையும் முட்டியையும் மடக்கித்தான் இறங்க வேண்டும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். எங்கள் வகுப்பில், ஐந்தில் வளைந்தவர்களும் ஐம்பதில் வளையக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த எண்ணுக்கு வாருங்கள்.

[மணி அடித்து ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. இதோ.]

4

நடந்தது இதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை பிசியோ பொண்ணு, புதிதாக வந்த ரப்பர் பட்டைகளைக் கையெழுத்துப் போட்டு வாங்கக் கீழே போனாள். ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தில் மாஸ்டர் எழுந்தார். பழக்கதோஷம், முப்பத்தைந்து வருடம் ஊறியது விடுமா? முன்னால் போய் நின்று, "எல்லாரும் எழுந்திரிங்க! கைய மேல! குனிஞ்சு கால் விரலத் தொடு!" என்றார். நாங்களும் யோசிக்காமல் குனிந்தோம். என் முதுகில் கத்தி வைத்த மாதிரி ஒரு வலி. முதுகெலும்புக் கோவையில் ஓர் எலும்பு முன்பக்கம் நசுங்கியது. எட்டு வாரம் வீட்டில் கிடந்தேன். யானைக்கும் அடி சறுக்கும், மாஸ்டருக்கும்

[மணி. எழுந்தேன், உட்கார்ந்தேன், பத்து. மேலே உள்ள வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.]

5

மேலே இருப்பதை வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, இரண்டாவது முறை படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மனுஷன் எதுக்குத் திடீர்னு எழுந்திரிக்கிறாரு?"

"பழக்கதோஷம்னு எழுதியிருக்கேனே."

"மூணு நாள் கூச்சப்பட்டுக் கதவோரம் நின்னவரு. யாரும் கேக்காம முன்னால போய் நின்னாருன்னா நம்புற மாதிரி இல்லையே. ஏதோ விட்டுப்போச்சு, பாரு."

ஏதோ விட்டுப்போகவில்லை, நான்தான் விட்டேன். நாற்பது வருடமாகக் கதை எழுதுகிறேன். ஒரு பாத்திரம் காரணமில்லாமல் நடந்துகொண்டால் எழுதியவர் எதையோ மறைக்கிறார் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என்னிடமே மாட்டிக்கொண்டேன். நாலாம் எண்ணை அடிக்காமல் அப்படியே விடுகிறேன், என் பொய் எப்படி இருக்கும் என்று தெரியட்டும். இனி உண்மை.

பிசியோ பொண்ணு கீழே போனாள். எனக்குச் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"மாஸ்டர், உங்க காலத்து டிரில் ஒண்ணு போடுங்களேன். பாத்து எத்தனை வருஷமாச்சு."

"வேணாம் ரைட்டரம்மா. அதுல பாதி இங்க கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு."

"ஒரே ஒரு தடவதானே. முப்பத்தஞ்சு வருஷம் சொல்லிக் குடுத்ததெல்லாம் மறந்துபோச்சுன்னு சொல்லுங்க, விட்டுடறோம்."

மற்றவர்கள் சிரித்தார்கள். நான்தான் சிரிக்க வைத்தேன். சீண்டினால் யார்தான் சும்மா இருப்பார்? அவர் எழுந்து முன்னால் வந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு குரல் வந்தது பாருங்கள்.

"அட்டேன்ஷன்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாங்கள் ஆறு பேரும், துணைக்கு வந்திருந்த அவர் மனைவியும், அறைந்த மாதிரி நிமிர்ந்து நின்றோம். "ஒன்!" என்றார், கைகள் மேலே போயின. "டூ!" என்றார். அந்த 'டூ'வுக்குத்தான் குனிந்து கால் விரலைத் தொட வேண்டும். மற்ற ஐந்து பேரும் பாதியிலேயே நின்றுவிட்டார்கள், புத்திசாலிகள். நான் மட்டும் பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையில் நின்றவள் என்ற திமிரில் தரைவரை போனேன். தொட்டேன். நிமிர முடியவில்லை.

பிசியோ பொண்ணு ரப்பர் பட்டைகளோடு வந்து நின்றாள். முகம் வெளுத்துப்போனது.

"யாரு குனியச் சொன்னது?"

"நான்தான்," என்றார் மாஸ்டர். "நான்தாம்மா சொன்னேன். என் தப்பு."

வாயெடுத்த மற்றவர்களையும் கையமர்த்திவிட்டார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பாயில் படுத்து முனகிக்கொண்டிருந்தேன். வலியில் பேச முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு வாரம் வலித்தது நிஜம். எட்டு வாரமும் வாய் திறக்க முடியாத அளவுக்கு வலித்ததா? இல்லை. இரண்டாம் வாரமே வீட்டுக்காரரோடு சண்டை போட்டேன்.

[மணி. இந்த முறை எழுந்து நிற்கக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.]

6

வலி போனதும் மெதுவாகப் பயிற்சியைத் திரும்பத் தொடங்கினேன். இப்போது முன்பைவிடத் தெம்பாகவே இருக்கிறேன். ஒற்றைக்காலில் பதினெட்டு எண்ணும்வரை நிற்கிறேன். நீலக் கோட்டில் தடுமாறாமல் நடக்கிறேன். வகுப்பில் அதே சிரிப்பு, அதே கும்மாளம். ஏழாவது நாற்காலி மட்டும் காலி.

காலி என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. அதில் மாஸ்டரின் மனைவி உட்கார்கிறார்! "எனக்குப் பிடிச்சுப்போச்சு அக்கா, அவரு வராட்டி என்ன," என்று விடாமல் வருகிறார். ஆனால் போன வாரம் அவர் சிரிக்கவில்லை.

"வீட்டுல ஒரே இடத்துல உக்காந்திருக்காரு. மாத்திரை மட்டும் போதுமாம். படி இறங்குறதில்ல. கீழ ஒரு சாவி விழுந்தாக்கூட என்னையும் குனிய விடமாட்டேங்குறாரு, கிடக்கட்டும்ங்குறாரு. முந்தாநேத்து நாற்காலிலருந்து எழுந்திரிக்கக் கைய நீட்டினாருக்கா. நான் பிடிச்சுத் தூக்கினேன். முன்னெல்லாம் என் கையத் தட்டிவிடுவாரு."

"ஏன் வரலையாம்?"

"'ஒரு பொம்பளையோட முதுக உடைச்சவன் நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க வந்து நிப்பேன்'ங்குறாரு."

அந்த அம்மா இதைச் சொன்னது என்னிடம். உடைந்ததாகச் சொல்லப்பட்ட முதுகின் சொந்தக்காரியிடம். நான் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும், "ரைட்டரம்மாவா? இதோ குடுக்கிறேன்" என்று மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

[மணி.]

7

நேற்று வகுப்பு முடிந்ததும் பிசியோ பொண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான். அதை எழுதும்போது வர்ணிக்க எதுவும் தோன்றவில்லை.

"நீங்களாம்மா?" என்றாள். கோபம் வந்தது, நியாயம்தானே. "மூணு மாசமா அவரு மேல நான் வருத்தத்துல இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும். தப்புதான்."

நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கினாள். நானும் ஒன்றைத் தூக்கி அடுக்கினேன். முதுகை நேராக வைத்துத்தான். கடைசி நாற்காலியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நானும் உங்களைத் தனியா விட்டுட்டுக் கீழ போயிருக்கக் கூடாது. அதைப் பத்தி நானும் அவருகிட்ட இன்னும் பேசல." பிறகு, "உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? அன்னிக்கு மாடிப்படில ஏறி வந்துக்கிட்டிருந்தேன், அவரு 'அட்டேன்ஷன்'னு சொன்னது கேட்டுச்சு. 'நிமிருங்க, தோள்பட்டைய பின்னால கொண்டுபோங்க'ன்னு ஒரு நாளைக்கு நூறு தடவ நான் கெஞ்சுறேன், பாதிப் பேரு காதுலயே வாங்க மாட்டீங்க. அவரு ஒரு தடவ சொன்னாரு, எல்லாரும் நிமிர்ந்தீங்களாமே. முதுகுத் தசைக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்ல. அவரு சொன்னதுல 'டூ' மட்டும்தான்மா தப்பு. மத்ததெல்லாம் எனக்கு வேணும்."

"அவரைக் கூப்பிடு."

"கூப்பிட்டேன், எடுக்கல. நீங்கதான் ஏதாவது பண்ணணும். பேசித்தானே கெடுத்தீங்க," என்றாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று யார் சொன்னார்களோ. என் வாயை நம்பி இனி ஒன்றும் ஆகாது என்று தெரிந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

[மணி. இந்த முறை பத்துக்குப் பதில் பன்னிரண்டு. சந்தோஷத்தில் எண்ணிக்கை தப்பிவிட்டது.]

8

முடிவுகள்.

முதல் முடிவு: ஒரு காலை மாஸ்டர் வகுப்புக்கு வருகிறார், எல்லோரும் கைதட்டுகிறோம். கைதட்டல் வைத்தால் நாடகம் ஆகிவிடும். தவிர, கைதட்டினால் அந்த மனிதர் அப்படியே திரும்பிப் போய்விடுவார். வேண்டாம்.

இரண்டாவது முடிவு: 'ஒருநாள் நாற்காலியிலிருந்து எழும்போது அவர்…' இதை எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். அடித்துப் பார்த்தேன், கோட்டுக்கு அடியிலும் எழுத்து தெரிந்தது. காகிதத்தையே கிழித்தேன். என் கதைகளில் எத்தனையோ பேரைத் தயங்காமல் சாகடித்திருக்கிறேன். இவரை ஒரு முறை தடுக்கி விழ வைக்கக்கூட என்னால் முடியவில்லை.

மூன்றாவது முடிவை நான் எழுத முடியாது. வாசகரே என்று தொடக்கத்தில் கூப்பிட்டது யாரை என்று நினைத்தீர்கள்? மாஸ்டர், உங்களைத்தான். இது பத்திரிகைக்குப் போகவில்லை. ஒரே ஒரு பிரதி. உங்கள் மனைவியின் கைப்பையில் வைத்து அனுப்புகிறேன். உங்களைப் பற்றி உங்களிடமே 'அவர்', 'அவர்' என்று எட்டு எண் எழுதியதற்கு மன்னியுங்கள். நேருக்கு நேர் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. என் முதுகை நீங்கள் உடைக்கவில்லை. சீண்டியது நான், குனிந்தது நான், பழி உங்கள்மேல் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டதும் நான். நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு நான் கொடுத்த பதில் மூன்று மாத மௌனம். எனக்கு வெட்கமாக இருக்கிறது மாஸ்டர்.

என் முதுகு நன்றாக இருக்கிறது. ஏழாவது நாற்காலியை உங்கள் மனைவி விட்டுக்கொடுப்பதாக இல்லை. எட்டாவதாக ஒன்று போட்டிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி.

வந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த உரிமை எனக்கில்லை. வர முடியாது என்றாலும், என்மேல் கோபம் தீரவில்லை என்றாலும் சரிதான். ஆனால் அதை எழுதி அனுப்பாதீர்கள், போனிலும் சொல்லாதீர்கள், மனைவியிடமும் சொல்லி அனுப்பாதீர்கள். வகுப்புக்கே வந்து எல்லோர் முன்னாலும் என்னை நேராக நிற்க வைத்துச் சொல்லுங்கள். மாடிக்குப் பதினேழு படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறுங்கள். ஏறியது பயிற்சிக் கணக்கில் சேரும் என்று பிசியோ பொண்ணு சொல்லச் சொன்னாள்.